ஒன்பதாவது அட்டை

க்ளைபேடாவில் ஃபெர்ரிப் பயணம் எட்டு நிமிடம்தான்.
அந்த எட்டு நிமிடத்தைப்
பதினான்கு அட்டைகளாக வெட்டினேன்
வைதோதஸுக்காக.

சட்டைப் பொத்தான். குல்லாய்.
வலது பையில் சீட்டு.
விளக்கு பச்சையானால் நட.
மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நில்.
ஒவ்வொன்றிலும் என் கிறுக்கல் ஓவியம்.
படகு வரையப் போனால்
எனக்குச் செருப்புதான் வரும்.
அவன் அதைச் செருப்பாகவே எடுத்துக்கொண்டு
மூன்று நாள் தன் காலைப் பார்த்தபடி நின்றான்.
நான்காம் நாள் புகைப்படம் எடுத்து ஒட்டினேன்.

இருபத்து மூன்று வயது.
வாயில் வருவது ஆறேழு சொற்கள்,
அதில் இரண்டு டயர் கம்பெனிகளின் பெயர்கள்.
அக்கரையில், பைன் மரங்களுக்கு நடுவே,
வாடகை சைக்கிள் கொட்டகையில் அவனுக்கு வேலை.
டயரைச் சுண்டிவிட்டுக் காது கொடுப்பான்;
அளவுமானி வாய் திறக்குமுன்
பம்ப்பைக் கையில் எடுத்துவிடுவான்.
கொட்டகைக்காரர் ஆல்கிமந்தஸ் முதலில் சிரித்தார்.
அப்புறம் அளவுமானி எங்கோ தொலைந்துபோனது.
அவர் தேடவில்லை.

ஒன்பதாவது அட்டை: உட்கார்.

ஐந்து வாரம். அவன் உட்காரவில்லை.
வெயில் விழும் நல்ல இருக்கை.
தட்டித் தட்டிக் காட்டினேன்,
போணியாகாத கடைக்காரி போல.
அறிக்கையில் எழுதினேன்: முன்னேற்றம் இல்லை.
எழுதிய கை இன்றும் என்னிடம்தான் இருக்கிறது.

ஆறாம் வாரம், ஒரு திங்கள்,
களைத்துப்போய் நானும் அவனருகே நின்றேன்.
இயந்திர அறையின் இரும்புச் சுவரில்
அவன் உள்ளங்கை பதிந்திருந்தது.
நானும் வைத்தேன்.
அதிர்வு முழங்கைவரை ஏறியது,
பல்லிலும் மெல்ல.
துறை நெருங்கும்போது அது தாழ்கிறது.
கண்ணை மூடினாலும் கரை தெரிகிறது.

அன்று மாலை ஒன்பதாவதைக் குறுக்கே அடித்தேன்.
அவன் அம்மா பிரூதேயிடம் சொன்னேன்.
"பஸ்ஸிலும் நின்றுதான் வருவான்," என்றாள்
உருளைக்கிழங்குத் தோலைச் சீவுவதை நிறுத்தாமல்.
"நீங்கள் கேட்கவே இல்லையே."

செப்டம்பரில் தனியாகப் போகத் தொடங்கினான்.
தனியாக என்றால்
பின்னால், மூன்றாம் கம்பத்தின் மறைவில்,
கண்ணாமூச்சி ஆடும் என் நாற்பத்தாறு வயது.
பிறகு அதுவும் வேண்டாமென்று ஆயிற்று.

அக்டோபரில் மூடுபனி.
ஃபெர்ரி ஓடவில்லை என்ற செய்தி
எனக்கு ஏழரைக்கு வந்தது.
அவன் ஏழுக்கே கிளம்பியிருந்தான்.
பதினான்கு அட்டையில்
படகு வராத நாளுக்கென்று ஒன்றுமில்லை.
ஓடினேன். வழியெல்லாம்
அவன் அலறலை எனக்குள் நானே அலறிக்கொண்டு,
சுவரில் நெற்றி மோதும் பழைய ஓசையை
எண்ணிக்கொண்டு.

துறையில் இருந்தான்.
மஞ்சள் கோட்டுக்கு இப்பால்,
முன்னும் பின்னும் ஆடியபடி, ஆனாலும் நின்றபடி.
காலடியில் பென்சில் துண்டு.

ஓர் அட்டையை நீட்டினான்.
ஒன்பதாவது. நான் குப்பையில் போட்டதாக நினைத்தது.
பின்பக்கம் முழுக்கப் பென்சிலால் தேய்த்திருந்தான்,
ஓரத்திலிருந்து ஓரம்வரை, விரல் கறுக்கக் கறுக்க.
பாழாக்கிவிட்டானே என்று
அரை நொடி ஆசிரியையாகவே இருந்தேன்.

பிறகு தலை நிமிர்ந்தேன்.
அக்கரை இல்லை. நீர் இல்லை.
அட்டையில் இருந்ததுதான்
எதிரேயும் இருந்தது.

என் செருப்புப் படகைவிட
எவ்வளவோ மேலான படம்.

அடுத்தது எது என்று என் கையைப் பார்த்தான்.
என் கையில் எதுவுமில்லை.
காபிக் கடைகூடத் திறக்கவில்லை.
கைப்பிடிக் கம்பியில் இருவரும் கை வைத்தோம்;
சில்லென்று, அசைவின்றி இருந்தது.
ஆல்கிமந்தஸுக்குப் போன் செய்தேன்.
"டயர் எங்கே போய்விடும்?" என்றார்.

வைதோதஸ் வளையத்தைத் திறந்து
எட்டுக்கும் பத்துக்கும் நடுவே
அந்த அட்டையைத் தானே கோத்தான்,
சாம்பல் பக்கம் மேலே தெரிய.